எந்த போல்ட், மச்சான்?

காலையில் கண்விழித்ததும் காருக்கடியில் விரித்திருந்த செய்தித்தாளை இழுத்து, அதில் எத்தனை எண்ணெய்க் கறை விழுந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் ஒரு காலத்தில் என் முதல் வேலை. சாமி கும்பிடுவதெல்லாம் அப்புறம்தான். புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவுக்கு நான் டிரைவராக இருந்தேன். கறை ஒன்றிரண்டு என்றால் அன்றைக்குப் பிழைத்தோம். தாள் முழுக்க நனைந்து ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் போயிருந்தால், அன்று முழுவதும் டாக்டரம்மா முகத்தைப் பார்க்காமலே வண்டி ஓட்ட வேண்டும்.

இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆனதற்குச் சோம்பல் காரணமில்லை. பயம்தான். என் தங்கையின் புருஷன் ஊரிலேயே நல்ல மெக்கானிக். அவர் தன் கையைத் தானே நம்பாத மனிதராக ஆனதற்கு நான் காரணம். அந்தக் காரியத்தை ஒரே நாளில் செய்துவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நல்லவன் வேஷம் கலையாமல் செய்தேன்.

கார் கறுப்பு நிறம். சீமையிலிருந்து வந்தது. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த சமயத்தில் ஊரில் ஒரு பெரிய வீட்டார் கைமாற்றிவிட்டது. டாக்டரம்மா வாங்கும்போதே அதற்குப் பதினைந்து வயது இருக்கும். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிராமத்தில் பிரசவம் சிக்கலானாலும் அந்தக் கார்தான் போகும். செம்மண் ரோடு, கண்மாய்க் கரை, வண்டிப்பாதை என்று பார்ப்பதில்லை. நாலைந்து வருஷம் அப்படி ஓடி இஞ்சின் தளர்ந்துபோனது. புகை கக்க ஆரம்பித்ததும் டாக்டரம்மா என்னிடம், "யாருகிட்டக் குடுத்தா நல்லாப் பாப்பாங்க?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "எங்க மாப்பிள்ளைகிட்டக் குடுப்போம்மா" என்றேன்.

மாப்பிள்ளை சண்டைக்காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, லாரி இஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிப் பழகியவர். திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓலைக் கொட்டகை போட்டார். அதைத்தான் எல்லோரும் ஷெட் என்பார்கள். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய போல்ட்டுகளை டப்பாவில் போட மாட்டார். எது எந்த இடத்தில் இருந்ததோ அதே வரிசையில் பலகைமேல் நிறுத்திவைப்பார். இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியைச் சம்ப் என்பார்கள். அந்தக் காரின் சம்ப்புக்குப் பதினெட்டு போல்ட். திரும்பப் பூட்டும்போது ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணுவார். பதினெட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று. நான் பக்கத்தில் நின்று, "என்ன மாப்பிள்ளை, ஜெபமா?" என்று கேலி செய்வேன். "எண்ணுறப்பப் பேசாதீங்க மச்சான்" என்பார்.

ஆடியில் இஞ்சினைப் பிரித்து ஆவணியில் ஓடவிட்டார். வண்டி புதிதாகப் பிறந்த மாதிரி ஓடியது. புகை இல்லை, சத்தம் இல்லை, செய்தித்தாளில் ஒரு பொட்டுக் கறை இல்லை. டாக்டரம்மா ஊரெல்லாம் சொன்னார். இரண்டு பஸ் முதலாளிகள் தங்கள் வண்டிகளையும் மாப்பிள்ளையிடம் அனுப்பினார்கள். என் தங்கை அப்போதுதான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள். "எல்லாம் ஒங்களாலதாண்ணே" என்று அவள் சொன்னபோது நானும் மறுக்கவில்லை.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவித் துடைத்து, சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக நின்றேன். டாக்டரம்மா கிறிஸ்தவர். கோபக்காரர் இல்லை. ஆனால் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "வண்டி எல்லார் வீட்டுக்கும் போறதுப்பா. அதுமேல ஒரு அடையாளமும் வேணாம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஒரு பொட்டுகூட வைக்காமல் வண்டியை எப்படி எடுப்பது? அவர் உள்ளே போனதும் பானெட்டைத் திறந்தேன். இஞ்சின் உச்சியில் ஆயில் ஊற்றும் வாய்க்கு ஒரு பித்தளை மூடி, சின்னக் கும்பாவைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. சாமிக்குத் தலை மாதிரி பட்டது எனக்கு. கிண்ணத்துச் சந்தனம் முழுவதையும் அதன்மேல் அப்பி, கட்டைவிரலால் விளிம்பு சுற்றி அழுத்தி, நடுவில் குங்குமம் வைத்தேன். பானெட்டை மூடினால் யாருக்கும் தெரியாது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை கண்மாய் மடையில் வண்டி சறுக்கி, கவிழாமல் நின்றது. சாமி காப்பாற்றியது என்று முடிவு கட்டினேன். அதிலிருந்து வெள்ளிதோறும் காலையில் மூடிமேல் சந்தனம். பழைய சந்தனத்தைச் சுரண்டி எடுக்கக் கை வராது. சாமிக்கு வைத்ததல்லவா. அதன்மேலேயே புதியது. இஞ்சின் சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் அது காய்ந்து சட்டி ஓடு மாதிரி கெட்டிப்பட்டது.

கார்த்திகையில் ஒருநாள் காலை செய்தித்தாளில் கறை. ஒன்றுதான், அரையணாக் காசு அகலம். மறுநாள் நாலு. அடுத்த வாரம் தாள் முழுக்கப் பரவியது. படுத்துப் பார்த்தேன். இஞ்சினின் பின்பக்கத்திலிருந்து எண்ணெய் கசிந்து, சம்ப் ஓரமெல்லாம் ஈரமாகி, சொட்டிக்கொண்டிருந்தது. ஆயில் அளவு பார்க்கும் குச்சி செருகியிருக்கும் ஓட்டையிலிருந்துகூட எண்ணெய் பொங்கி வழிந்திருந்தது. வண்டி ஓடி நின்ற சூட்டில் ஆயில் ஊற்ற மூடியைத் திருகினால் 'புஸ்' என்று ஒரு மூச்சு வரும். சூடு, வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை பதறிவிட்டார். அன்றைக்கே காரை ஷெட்டுக்குள் வாங்கி, அடியில் மண்ணெண்ணெய் விட்டுத் துணியால் துடைத்துக் காயவிட்டார். பிறகு அடுப்புச் சாம்பலைத் துணியில் சலித்து இஞ்சின் முழுக்கப் பொடியாகத் தூவினார். எண்ணெய் எங்கே கிளம்புகிறதோ அங்கே சாம்பலில் கறுப்புக் கோடு விழும், கோட்டின் தலையைப் பிடித்தால் கசிவைப் பிடித்துவிடலாம், அதுதான் கணக்கு. "இஞ்சினுக்குத் திருநீறு பூசி மந்திரிக்கிறாரு பாரு" என்று பக்கத்து ஷெட்காரர்கள் சிரித்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. இஞ்சினை ஓடவிட்டு, அடியில் படுத்து, ஒரு மணி நேரம் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோடும் விழவில்லை.

எப்படி விழும்? அதை இப்போது சொல்லிவிடுகிறேன். இஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் அவர் செய்த முதல் காரியம், அந்தப் பித்தளை மூடியை இரண்டு கையாலும் கழற்றி, கொட்டகை மூலையில் முருகன் படத்துக்குக் கீழே பலகைமேல் வைத்ததுதான். "சாமி சந்தனம் வச்சிருக்கீங்க. அழுக்குக் கையி பட வேணாம் மச்சான்" என்றார். மூடி இருந்த வாயில் ஒரு மெல்லிய துணியைப் போட்டுக்கொண்டுதான் இஞ்சினை ஓட்டினார். வேலை முடிந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே மூடியை எடுத்துத் திருகி மாட்டினார். ஷெட்டில் சொட்டாத வண்டி, நான் எடுத்து ரோட்டில் பத்து மைல் போனதும் சொட்ட ஆரம்பித்தது.

மூன்று தடவை பிரித்தார். கியர் பெட்டியை இறக்கி, இஞ்சினின் வால்பக்கத்தில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் கயிற்றுப் பேக்கிங்கை மாற்றினார். சம்ப்பின் தக்கைப் பேக்கிங்கைத் திருச்சியிலிருந்து வரவழைத்துப் புதிதாகப் போட்டார். எடுத்த பழைய பேக்கிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல ஒரு கொறையும் இல்லையே மச்சான்" என்றார். மூன்றாம் தடவை பிரித்தபோது அவர் சாப்பிடவில்லை என்று தங்கை சொல்லி அனுப்பினாள். பூட்டிக்கொடுத்த நாளில் என் கையைப் பிடித்து, "இந்தத் தடவை நிக்கும்" என்றார். மறுநாள் காலைத் தாள் வழக்கம்போல நனைந்திருந்தது.

மார்கழியில் அன்னவாசலுக்கு அங்கிட்டு ஒரு கிராமத்தில் பிரசவ வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று ஆள் வந்தது. கண்மாய்க் கரை ஏற்றத்தில் இஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கசிந்த எண்ணெய் கிளட்சுக்குள் இறங்கிப் பிடிப்பில்லாமல் போய்விட்டது. டாக்டரம்மா பையைத் தூக்கிக்கொண்டு, எதிரே வைக்கோல் ஏற்றி வந்த மாட்டுவண்டியில் வைக்கோலை இறக்கச் சொல்லி ஏறிப்போனார். நல்லவேளை, தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. மதியத்துக்குமேல் அதே மாட்டுவண்டியில் திரும்பி வந்தவர் ஏறக்குறைய அழுகிற நிலையில் இருந்தார்.

"இன்னும் அரைமணி நேரம் ஆயிருந்தா ரெண்டு உசுரு போயிருக்கும். யாருப்பா இதுக்குப் பொறுப்பு?"

நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "எங்க மாப்பிள்ளை கொஞ்சம் கவனமாப் பாத்திருக்கலாம்மா" என்றேன். அப்போது எனக்குச் சந்தனத்தின் கதை தெரியாது, உண்மை. ஆனால் மூன்று தடவை அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். என் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவரைத் தள்ளிவிட்டேன். "இனிமே அந்த ஷெட்டுக்கு இந்த வண்டி போக வேணாம்" என்றார் டாக்டரம்மா. சொன்னவர் பெரிய மனுஷி. கேட்டவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பொங்கலுக்குள் பஸ் முதலாளிகள் தங்கள் வண்டிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் காலை, காரைத் திருச்சியில் வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோகும் முன் நானே ஒரு தடவை பார்க்கலாம் என்று ஸ்பேனரோடு அடியில் நுழைந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், ஒரு போல்ட்டாவது லூசாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் நுழைந்தேன். இருந்தால் நான் டாக்டரம்மாவிடம் சொன்னது நிஜமாகிவிடும். சம்ப்பைச் சுற்றி ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தேன். பதினெட்டில் ஒன்றுகூட மயிரிழை அசையவில்லை.

எழுந்து வந்து ஆயில் ஊற்றப் பித்தளை மூடியைக் கழற்றினேன். எண்ணெய்க் கை. மூடி வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. சந்தன ஓடு பிளந்து ஒரு பக்கம் பெயர்ந்தது. பெயர்ந்த இடத்தில், விளிம்புக்குக் கீழே, வரிசையாகப் பொடி ஓட்டைகள். அடியில் ஒரு கம்பிவலை. வலை முழுக்கச் சந்தனம் அடைத்திருந்தது. பத்து வருஷமாக ஸ்டியரிங் பிடித்தவனுக்கு அது என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இஞ்சின் மூச்சு விடும் ஓட்டைகள் அவை. உள்ளே சேர்கிற காற்று அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். மூக்கை நான் பொத்திவிட்டேன். அது கிடைத்த சந்திலெல்லாம் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. 'புஸ்' என்ற மூச்சு இதுதான்.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, விளக்குமாற்றுக் குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தேன். வழித்த சந்தனத்தைக் கால் படாத இடமாகப் பார்த்து ஒரு செடிக்கடியில் போட்டேன். அந்த மரியாதையெல்லாம் எனக்கு இருந்தது. அன்று திருமயம் வரை போய்த் திரும்பினோம். மறுநாள் காலை செய்தித்தாளை இழுத்தேன். எல்லா எழுத்தும் தெளிவாக இருந்தது.

டாக்டரம்மாவுக்கு நம்பிக்கை வர நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் தானே குனிந்து தாளைப் பார்த்துவிட்டு, "என்னப்பா பண்ணுனே?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்று அவர் சொன்னதை மறைவாகச் செய்தேன் என்பது தெரிந்துவிடும். அதனால் இரண்டு உயிர் போகப் பார்த்தது என்பதும் தெரிந்துவிடும். இதெல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடியது. "அடியில ஒரு போல்ட் லூசா இருந்துச்சும்மா. முறுக்கிட்டேன்" என்றேன். "பரவால்லையே, ஒனக்குத் தெரிஞ்சது அந்த மெக்கானிக்குக்குத் தெரியலையே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வார்த்தை சந்துக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்? மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். ஷெட் சட்டையோடு அப்படியே நடந்து வந்திருந்தார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏதோ படிக்க வந்தவர் மாதிரி கேட்டார்.

"எந்த போல்ட், மச்சான்?"

"பின்னாடி... எடது ஓரத்துல" என்றேன். வாயில் வந்த இடம்.

அவர் காருக்கடியில் நுழைந்தார். ஸ்பேனர் போடும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக எண்ணுவதும் கேட்டது. நான் பானெட்டுமேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அதைத் திறந்து பார்த்திருந்தால் சந்தனம் இல்லாமல் பளிச்சென்று இருக்கும் மூடியைக் கண்டிருப்பார். கசிவு அடியில்தான் என்று நம்பியவர், மேலே பார்க்கவில்லை. வெளியே வந்து மண்ணைத் தட்டிவிட்டு, "அந்த ஓரத்துல இருக்கிறதெல்லாம் ரெண்டு சுத்து முறுக்குனேனே மச்சான். எண்ணி எண்ணித்தானே முறுக்குனேன்" என்றார். பிறகு உள்ளங்கையை விரித்து, யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார். "சரி, வாரேன்" என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை ஷெட்டை மூடப் பதினோரு நாள் இருந்தது. பதினோராம் நாள்தான் விலைபேசிய திருச்சி ஆள் வந்து, ஸ்பேனர் பெட்டி தவிர அவருடைய சாமான்களை எல்லாம் எடுத்துப்போனான். இந்தப் பதினோரு நாளும் நான் அந்தச் சந்து வழியாகத்தான் பெட்ரோல் போடப் போனேன். ஷெட்டு வாசலில் வேகத்தைக் குறைப்பேன். நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைப்பேன். பிறகு கியரை மாற்றுவேன். சாமான் போன மறுநாள் தங்கையும் மாப்பிள்ளையும் அன்னவாசல் பக்கத்துச் சொந்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள். வானம் பார்த்த கடலைக்காடு கொஞ்சம் இருந்தது. டிரங்குப் பெட்டியை நான்தான் மேலே ஏற்றிக் கட்டினேன். கட்டிய கயிற்றை மாப்பிள்ளை ஏறிப்போய் இழுத்துப் பார்த்தார். இறங்கினார். மறுபடி ஏறி இழுத்துப் பார்த்தார். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தான்.

அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போவேன். கதவைப் பூட்டிவிட்டு வயலுக்குப் பாதி தூரம் போனவர் திரும்பி வந்து பூட்டை ஆட்டிப் பார்ப்பார். கிணற்றுக் கயிற்று முடிச்சை, மாட்டுத் தும்பை, வாளிப் பிடியை மூன்று தடவை சோதிப்பார். "என்னமோ இவருக்கு இப்படி ஆயிருச்சுண்ணே" என்பாள் தங்கை. நான் கொண்டுபோன பழத்தை எடுத்து அவள் கையில் கொடுப்பேன். எனக்குக் காப்பி போடாமல் அவள் ஒருநாளும் அனுப்பியதில்லை.

எட்டு வருஷம் கழித்து அந்த ஊருக்கு முதல் ஆயில் இஞ்சின் வந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் தண்ணீர் இறைக்கத் தன் கிணற்றில் வைத்தார். கடலையில் பூ இறங்கும் சமயத்தில் அது நின்றுபோனது. கடலை வாடுகிறது, திருச்சியிலிருந்து மெக்கானிக் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். நான் அன்று தங்கை வீட்டில் இருந்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் வந்து மாப்பிள்ளையிடம் கெஞ்சினார். மாப்பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "என் கையி சரியில்லைங்க. வேற ஆளப் பாருங்க" என்றார். தங்கை என்னைப் பார்த்து, "நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே" என்றாள்.

அவரைத் தனியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். மூடியில் சந்தனம் வைத்தது, வெள்ளிதோறும் வைத்தது, ஓட்டை அடைத்தது, கீழே விழுந்து உடைந்தது, எல்லாம் சொன்னேன். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. சிரித்தார். எட்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "நானும் மூடியக் கழட்டி முருகன்கிட்ட வச்சுட்டு ஓட்டிப் பாத்திருக்கேனே மச்சான். எங்கிட்டுச் சொட்டும்?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்பயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். திட்டவில்லை. நான் அழுதேன். என் தோளில் தட்டினார்.

எழுந்து இரண்டடி நடந்தவர் நின்றார்.

"அப்ப அந்த போல்ட்?"

இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். ஒரே வார்த்தை. சந்தனம் நான் தெரியாமல் செய்தது, அதனால் அதைச் சொல்ல முடிந்தது. போல்ட் நான் தெரிந்தே சொன்ன பொய். பதினெட்டையும் முறுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்ன பொய். இப்போதுதான் தோளில் தட்டிய மனிதரிடம் அதையும் சொல்லி, அந்தக் கையை எடுத்துவிடச் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

"அதுவும் கொஞ்சம் லூசாத்தான் இருந்துச்சு மாப்பிள்ளை" என்றேன்.

"இருக்கும்" என்றார். "ஒண்ணு விட்டுருப்பேன்."

அன்றே போய் ஆயில் இஞ்சினைச் சரிசெய்தார். தண்ணீர் பாய்ந்தது. அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த இஞ்சின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். தங்கை முகத்தில் பழைய களை திரும்பியது. ஆனால் அவர் வேலையில் ஒரே குறை சொல்வார்கள். "வேலை சுத்தம்தாங்க, பொழுது போயிருது" என்பார்கள். எல்லாவற்றையும் பூட்டி முடித்துக் கை கழுவிய பிறகு மறுபடி ஸ்பேனரை எடுத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். வீட்டுக்குப் போனவர் திரும்பி வந்து முறுக்கிப் பார்த்த நாளும் உண்டு.

இன்னும் எட்டு வருஷம்தான் இருந்தார். நெஞ்சுவலி, ஒரே நாளில் முடிந்துவிட்டது. கருமாதி கழிந்து உறவெல்லாம் போன பிறகு, தங்கை அவருடைய ஸ்பேனர் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஸ்பேனர்களுக்கு அடியில் எண்ணெய்க் கறை படிந்த தாள் ஒன்று மடித்து வைத்திருந்தது. விரித்தேன். நீளவாட்டில் ஒரு கட்டம், அதைச் சுற்றிப் பதினெட்டு வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் பென்சில் கோடுகள். சில இடத்தில் அழித்து மறுபடி போட்டு, தாள் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

"சும்மா இருக்கிறப்பல்லாம் இதைத்தாண்ணே விரிச்சு வச்சுக்கிட்டு எண்ணுவாரு" என்றாள் தங்கை. "எடது ஓரத்துலன்னாரு, அங்கயே நாலஞ்சு இருக்கே, இதுல எதை விட்டேன்னு தெரியலையே, ஒங்க அண்ணனுக்குத்தான் தெரியும்பாரு. இதுல எதுண்ணே?"

தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எதுவும் இல்லை ஆத்தா. பதினெட்டும் இறுக்கமாத்தான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்."

அவள் என் கையிலிருந்து தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"அவரு கேட்டப்பச் சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றாள்.

பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த பஸ் வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அவள் காப்பி போடவில்லை.